என் பேரைச் சொல்லித் திரிகிறவள்

சீனியம்மா தானே அனுப்பிச்சா? மறைக்காதீக நர்சம்மா. இந்தத் தெருவுல முப்பது வீடு இருக்கு. முப்பதையும் தாண்டி நேரா என் வாசலுக்கு வந்து, "குருவம்மாங்கிறது நீங்கதானா"ன்னு கேக்குறீகன்னா, அவ கைகாட்டாம வந்திருக்க மாட்டீக. ஆமா, நாந்தான் குருவம்மா. வயசு அம்பத்தெட்டு. எழுதிக்கிடுங்க. நோவு ஒண்ணும் இல்ல. அதையும் எழுதிக்கிடுங்க.

உக்காருங்க. அந்தப் பக்கமா உக்காருங்க, இங்க மொளகா நெடி ஏறும். வத்தலுக்குக் காம்பு கிள்ளிக்கிட்டிருக்கேன், சாயந்தரம் கமிசன் கடைக்குப் போகணும். கை பாட்டுக்குக் கிள்ளும், வாய் பாட்டுக்குப் பேசும். நீங்க ஊருக்குப் புதுசு. அவ சொன்ன கதைய மட்டும் கேட்டிருப்பீக. என் கதையையும் கேட்டுட்டுப் போங்க.

அவ எனக்கு யாருன்னு சொன்னாளா? என் கூடப் பெறந்த தம்பி வெள்ளைச்சாமி பொண்டாட்டி. பதினெட்டு வயசுல எங்க வீட்டுக்கு வந்தா. களையெடுக்கக் கத்துக்குடுத்தது நான். கவுசல்யாவப் பெத்துப் போட்டுட்டுக் கெடந்தப்ப மருந்து அரைச்சுக் குடுத்தது நான். என்னைய இதே ஊர்ல தான் கட்டிக் குடுத்தாக, ரெண்டு தெரு தள்ளி. அதனால அவளுக்கு ஒண்ணுன்னா ஓடி வர்றது நான் தான். "மதினி, மதினி"ன்னு முந்தானையப் பிடிச்சுக்கிட்டுத் திரிஞ்சவ. நான் சொன்னாத் தண்ணி குடிப்பா, சொல்லாட்டிக் குடிக்க மாட்டா. அம்புட்டு நல்லவளா இருந்தா.

எங்க கொலசாமி கோயில் தெரியுமா? கம்மாக் கரைக்குக் கீழ இருக்கு. பங்குனிப் பொங்கலுக்கு மொதப் பானை எங்க வீட்டுப் பானை. அத ஏத்துற பொம்பளைக்குத் தீட்டு நின்னுபோயிருக்கணும். அது தான் எங்க வழக்கம். எங்காத்தா ஏத்துனா. ஆத்தா செத்த பெறகு நான் ஏத்த முடியாது, நான் அடுத்த வீட்டுக்குப் போன பொண்ணு. தம்பி பொண்டாட்டி தான் ஏத்தணும். அவளுக்கு அப்ப நாப்பத்தொண்ணு. மாசாமாசம் வந்துக்கிட்டிருக்கு. என்ன செய்ய? ஏழு வருசம் அந்தப் பானைய பங்காளி வீட்டு முத்திருளாயி ஏத்துனா. ஏத்துறப்ப என்னையத் திரும்பி ஒரு பார்வை பாப்பா பாருங்க. ஏழு வருசம் அந்தப் பார்வைய நான் தின்னேன்.

சீனியம்மாவுக்கு நாப்பத்தெட்டுல நின்னுச்சு. ஊர்லயே அதுக்குச் சந்தோசப்பட்டவ நான் ஒருத்தி தான். தேங்கா வாங்கிட்டுப் போயி ஒடைச்சேன். அவ என்னடான்னா, "மதினி, ஒடம்பு திடீர் திடீர்னு எரியுது, தூக்கம் வர மாட்டேங்குது, முட்டி பிடிக்குது, எதுக்குன்னே தெரியாம அழுகை வருது"ங்கிறா. நான் சொன்னேன், எல்லாருக்கும் இப்படித்தாண்டி, பொறுத்துக்கோன்னு. தப்பா சொன்னேன்? எனக்கு நாப்பத்தஞ்சுல நின்னுச்சு. தீயில போட்ட மாதிரி எரிஞ்சது. எங்க வீட்டுக்காரர் உசுரோட இருந்தாரு, அவரு கிட்டச் சொன்னேன். "கெழவியாயிட்ட, வேறென்ன"ன்னு சொல்லிட்டுக் கட்டிலத் தூக்கி வெளியில போட்டுக்கிட்டாரு. அவ்வளவு தான். அதுக்குப் பெறகு நான் யாரு கிட்டயும் சொல்லல. செத்தா போனேன்?

நாலு பங்குனி சீனியம்மா பானை ஏத்துனா. பட்டுச் சேல கட்டி, தலைக்குக் குளிச்சு, சிலையாட்டம் நிப்பா. முத்திருளாயி பின்னாடி நிப்பா.

அஞ்சாவது வருசம். பொங்கலுக்குப் பதினோரு நாள் இருக்கு. நான் களத்துல வத்தல் கெளறிக்கிட்டிருக்கேன். அவ வந்து நிக்கிறா. மூஞ்சி வெளுத்துப் போயிருக்கு.

"மதினி, மறுபடியும் வந்துருச்சு."

"என்னடி வந்துருச்சு?"

"தீட்டு. நாலு நாளா. மொதல்ல துளித்துளியா வந்துச்சு, இப்ப நெறையா வருது. நாத்தம் வேற."

எனக்கு வத்தல் கெளறுன கை அப்படியே நின்னு போச்சு. யாருக்குத் தெரியும்னு கேட்டேன். ஒருத்தருக்கும் தெரியாதுங்கிறா. என் தம்பிக்குக் கூடச் சொல்லல.

"நர்சம்மா ரோசலினைப் போய்ப் பாக்கட்டுமா மதினி? நின்ன பெறகு வந்தா ஒடனே வரணும்னு அவுக ஒரு நா சொன்னாக."

ரோசலினுன்னா ஒங்களுக்கு முந்தி இருந்த நர்சு. நல்ல பொம்பள தான். ஆனா முத்திருளாயி மக வீட்டு மாடியில வாடகைக்கு இருந்தாக. அங்க போயிச் சொன்னா அன்னைக்குச் சாயந்தரமே ஊருக்குத் தெரிஞ்சுபோகும், பானை கைமாறிப்போகும். நான் என்ன சொல்லுவேன்? நீங்களே சொல்லுங்க. "வாய மூடுடி. சில பேருக்கு நின்னு நின்னு வரும். இன்னும் எளமை இருக்குன்னு நெனச்சுக்கோ. பொங்கல் முடியட்டும், பெறகு பாத்துக்கிடலாம்"னேன்.

அவ சொன்னா, "அப்பன்னா நான் பானையத் தொட வேண்டாம் மதினி. காய்ச்சல்னு சொல்லிப் படுத்துக்கிடுறேன். சாமி காரியம்."

"தொடுறது நீ. பாவம் என்னோடதுன்னு நெனச்சுக்கோ"ன்னுட்டேன்.

சொன்னேன் தான். இல்லேங்கல. ஆனா பானையத் தொட்ட கை யாரு கை? அவ கை தானே? நானா பிடிச்சு வெச்சேன்? அன்னைக்குப் பொங்கல் எம்புட்டு அழகாப் பொங்குச்சு தெரியுமா நர்சம்மா, கெழக்குப் பக்கமாப் பொங்கி வழிஞ்சுது. எல்லாரும் கொலவை போட்டாக. இவ நாலடி பின்னால தள்ளிப் போயி நின்னுக்கிட்டா. பயபக்தின்னு எல்லாரும் பேசிக்கிட்டாக.

இப்ப ஊர்ல என்ன சொல்றா தெரியுமா? இது ஒடம்புக்கு வந்த நோவு, சாமிக்கும் இதுக்கும் சம்பந்தம் கெடையாதுங்கிறா. அதெப்படி? தீட்டோட தொட்டா சாமி சும்மா விடுமா? அதான் வந்துச்சுன்னு நான் சொன்னேன். யாரு தொடச் சொன்னதுன்னு என் தம்பி கேக்குறான். கூடப் பெறந்தவன் கேக்குற கேள்வியா அது?

பொங்கல் முடிஞ்சது. நான் சும்மா இருந்துறல. வாழப்பூவ இடிச்சுச் சாறு எடுத்துக் குடுத்தேன். வெந்தயம் ஊறப்போட்டுக் குடுத்தேன். வில்லிபுத்தூர் பக்கத்துல ஒரு வைத்தியரு கிட்டச் சூரணம் வாங்கிட்டு வந்து குடுத்தேன். கொஞ்ச நாள் நிக்கும், மறுபடி வரும். ஆஸ்பத்திரிக்குப் போகட்டுமான்னு ஒரு தடவ கேட்டா. அதுக்குள்ள கவுசல்யாவுக்கு மாப்பிள்ள வந்துருச்சு. ஆவணியில கல்யாணம். மாப்பிள்ள வீட்டுக்காரகளுக்குத் தெரிஞ்சா என்ன நெனப்பாக? ஆத்தாக்காரிக்கு அசிங்க நோவுன்னா பொண்ணையும் ஒரு மாதிரி தானே பாப்பாக? கல்யாணம் முடியட்டும்னேன். அவளும் தலையாட்டுனா. பெத்த பிள்ளைக்காகத் தானே? அதுலயும் நான் என்ன சம்பாதிச்சேன்?

கல்யாணத்துல பந்திக்குப் பக்கத்துலயே வரல. ஒரு மூலையில ஒக்காந்துக்கிட்டா. பவுடர அள்ளி அள்ளிப் போட்டிருந்தா. யாரும் கிட்ட வந்தா எந்திரிச்சுத் தள்ளிப் போயிருவா. அன்னைக்கு அவ அப்படி ஒதுங்குனத நான் பாத்தேன். பாத்தேன் தான். கல்யாண வேலை தலைக்கு மேல கெடந்துச்சு.

பெறகு மழை வந்துச்சு, நடவு, களை, வத்தல்னு ஓடிப்போச்சு. எளைச்சா. இடுப்பு வலிக்குதுன்னா. அவளும் கேக்கிறத விட்டுட்டா, நானும் சொல்றத விட்டுட்டேன். நல்லாயிருச்சுன்னு நெனச்சேன். இல்ல, நெனச்சுக்கிட்டேன்.

மறு பங்குனி. நூறு நாள் வேலையில கம்மா தூரு எடுத்துக்கிட்டிருக்கோம். மண் சட்டியத் தூக்கித் தலையில வெச்சவ அப்படியே சட்டியோட விழுந்தா. ஓடிப்போயித் தூக்குறோம். சேல இடுப்புல இருந்து கரண்டக் கால் வரைக்கும் ரத்தம். அறுபது பேரு வேலை பாக்குறாக. ஆம்பளைக நிக்கிறாக. அதுல முத்திருளாயி தான் மொதல்ல ஓடி வந்து அவ சேலைய அவுத்து இவ மேல சுத்துனா. உள்பாவாடையோட நின்னா, எல்லாருக்கும் முன்னாடி. அவளுக்கு எப்பயுமே வெக்கம் கம்மி.

நூத்தியெட்டு வண்டி வந்துச்சு. நானும் ஏறிப் போனேன். பெரிய ஆஸ்பத்திரியில ஒரு டாக்டரம்மா, சின்னப் பொண்ணு, எங்க கவுசல்யா வயசு தான் இருக்கும். உள்ள கூட்டிட்டுப் போயிப் பாத்துட்டு வந்தா. என் தம்பிய ஒரு பக்கமா நிக்கச் சொல்லிட்டுக் கேட்டா.

"எத்தன நாளா இருக்கு?"

"பன்னெண்டு மாசம்"ங்கிறா சீனியம்மா. நாள் எண்ணி வெச்சிருக்கா பாருங்க.

"பன்னெண்டு மாசமா? ஆரம்பத்துல வந்திருந்தா ஆப்பரேசனோட முடிஞ்சிருக்குமேம்மா. இப்ப கர்ப்பப்பை வாயி தாண்டிப் பரவியிருக்கு. ஏம்மா வரல? யாரு சும்மா இருக்கச் சொன்னது?"

அந்த வார்டுல எட்டுப் பத்துப் பொம்பளைக கெடக்குறாக. தொணைக்கு வந்தவக நிக்கிறாக. என் தம்பி நிக்கிறான். கையில ஊசி குத்தியிருக்கு, அந்தக் கைய மெல்லத் தூக்கி வெரல நீட்டுறா.

"இவுகதான் டாக்டரம்மா. எங்க மதினி."

அம்புட்டுப் பேரும் என்னையப் பாக்குறாக. அந்தச் சின்னப் பொண்ணு என்னைய ஏற எறங்கப் பாத்துட்டு எழுத ஆரம்பிச்சுட்டா. நான் என்ன வெசமா குடுத்தேன்? வாழப்பூச் சாறு தானே குடுத்தேன்? முப்பத்தஞ்சு வருசம் நான் பாத்துக்கிட்டது எல்லாம் அந்த ஒரு வெரலுல போச்சு.

மிசினுக்குள்ள படுக்க வெச்சுக் கரண்டு வெச்சாக. இருவத்தஞ்சு நாள். ஊசி மருந்து வேற. என் தம்பி அங்கயே கெடந்தான். நான் சோறு ஆக்கி, கருவாட்டுக் கொழம்பு வெச்சு, பஸ்ஸுல குடுத்துவிட்டேன். தூக்குவாளி தொறக்காம அப்படியே திரும்பி வந்துச்சு. கவுசல்யா போன் போட்டா. "அத்தை, நீங்க பாக்க வராதீக. அம்மாவுக்கு ஒங்கள ஒண்ணும் சொல்லத் தோணல, எனக்குத் தோணுது. வந்தீகன்னா ஏதாச்சும் சொல்லிருவேன்"னா. எந்தத் தோள்ல போட்டுத் தாலாட்டுனேனோ அந்தப் பிள்ள.

பொழைச்சு வந்துட்டா. பாத்தீகள்ல, குச்சியாட்டம் இருக்கா. ஒண்ணுக்கு அடக்க முடியாம ஓடுறா. எதத் தின்னாலும் வயிறு கலக்கிருதாம். மூணு மாசத்துக்கு ஒரு தடவ மதுரைக்குப் போயிக் காட்டுறா. சரி, வந்தோமா, மூலையில ஒக்காந்தோமான்னு இருக்க வேண்டியது தானே? அது தான் இல்ல.

வந்த மொதக் காரியம், பங்காளிகளக் கூப்புட்டு, "நான் தீட்டோட தான் பானை ஏத்துனேன். இனிமே நீங்களே வெச்சுக்கிடுங்க. என்னையக் கேட்டா அந்த வழக்கத்தையே விட்டுருங்க"ன்னா. முடிஞ்சு போச்சு. எங்காத்தா பானை முத்திருளாயிகிட்டப் போயிருச்சு. எதுக்காக நான் அம்புட்டும் செஞ்சேனோ அதையே தூக்கிக் குடுத்துட்டா.

பெறகு பேச ஆரம்பிச்சா. ரேசன் கடையில வரிசையில நிக்கிற பொம்பளைக கிட்டப் பேசுறா. தண்ணி பிடிக்கிற எடத்துல பேசுறா. "நின்ன பெறகு ஒரு சொட்டுப் பட்டாலும் போயிக் காட்டுங்க. நான் காட்டல. எங்க மதினி குருவம்மா வேணாம்னாக, நான் கேட்டுக்கிட்டேன். ரெண்டு பேரு மேலயும் தப்பு"ங்கிறா. பேரு சொல்லாமச் சொன்னா ஆகாதா? யாரோ ஒருத்தின்னு சொன்னா ஆகாதா? நாந்தான் கேட்டனுப்பினேன். அதுக்கு என்ன பதில் சொல்லிவிட்டா தெரியுமா? "யாரோன்னு சொன்னா யாரோட கதையோன்னு போயிருவாக. பேரச் சொன்னாத் தான் நம்புறாக"ன்னாளாம்.

இதெல்லாம் பரவால்ல நர்சம்மா. காந்தி செயந்திக்குக் கிராம சபை போட்டாக. ஆம்பள பொம்பள எல்லாரும் ஒக்காந்திருக்கோம். தெருவெளக்கு, வாய்க்கால்னு பேசிக்கிட்டிருக்காக. இவ எந்திரிச்சு மைக்கை வாங்குறா. "எனக்குக் கர்ப்பப்பை வாயில புத்துநோயி"ன்னு ஆரம்பிச்சா பாருங்க, தலைவரு தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. ஆம்பளைக எந்திரிச்சு டீக்கடைப் பக்கம் போறாக. நிறுத்துனாளா? எப்ப ஆரம்பிச்சது, எப்படி நாறுச்சு, எந்தத் துணிய வெச்சா, அம்புட்டையும் சொல்றா. கேம்பு போடணும்னு கேக்குறா. நடுவுல என் பேரு. மைக்குல. கோயில் தெரு வரைக்கும் கேட்டுச்சாம்.

கேம்பு போட்டாக. பதினாலு பொம்பளைக போனாக. ரெண்டு பேருக்கு ஆரம்பத்துலயே ஏதோ இருக்குன்னு கண்டுபிடிச்சு, சின்ன வைத்தியத்தோட முடிச்சு அனுப்பிட்டாக. நல்லது தான். நான் வேணாங்கல. அந்த ரெண்டு பேரும் அவளக் கையெடுத்துக் கும்பிடுறாக. ஆனா அவளுக்கு நல்ல பேரு கெடைக்க என் பேரு தான் அகப்பட்டுச்சா? நான் தெருவுல நடந்தா, பேசிக்கிட்டிருக்கிறவக சட்டுன்னு பேச்ச நிப்பாட்டுறாக. நீங்க சொல்லுங்க, அந்தக் கேம்புக்கு நான் எந்த மூஞ்சியோட போவேன்? போயிக் கட்டில்ல ஏறிப் படுத்தா, வெளிய நிக்கிறவக சிரிக்க மாட்டாக?

ஒரு வருசமா நானும் அவளும் பேசல. எதுத்தாப்புல வந்தா நான் சந்துக்குள்ள திரும்பிருவேன்.

போன வெசாழக்கெழமை இந்தா, இந்த வாசல்ல வந்து நிக்கிறா. நான் இப்படியே ஒக்காந்து காம்பு கிள்ளிக்கிட்டிருக்கேன்.

"மதினி"ங்கிறா.

நான் நிமுரல.

"பின்னாடி கொடியில துணி காயிது. பழைய சேலையக் கிழிச்ச துணி. நாலு மாசமாப் பாக்குறேன், வாரத்துல மூணு நாள் காயிது. ஒங்க வீட்டுல வேற பொம்பள கெடையாது. ஒங்களுக்கு நின்னு பதிமூணு வருசம்."

எனக்கு ஒடம்பெல்லாம் பத்திக்கிட்டு வந்துச்சு. சொளகுல இருந்த வத்தல அள்ளி அவ மூஞ்சியில எறிஞ்சேன். "வெளிய போடி, என் துணிய எண்ணுறதுக்கா வந்த?"ன்னேன். தும்முறா, கண்ணுல தண்ணியா ஊத்துது. போகல. அங்கனயே நின்னு சொல்றா, "நான் திட்டு வாங்கத் தான் வந்தேன் மதினி. எனக்கு வேணாம்னு சொல்ல நீங்க இருந்தீக. ஒங்களுக்கு வேணாம்னு சொல்ல ஒருத்தரும் இல்ல. பெறகு ஏன் போகல?"

நான் கதவச் சாத்திட்டேன்.

இப்ப நீங்க வந்து நிக்கிறீக.

எனக்கு அவள மாதிரி இல்ல நர்சம்மா. அது வேற. எனக்குச் சும்மா சூடு, அம்புட்டுத் தான். நாள் முழுக்க மொளகாயிலயே கெடக்குறேன்ல. அய்ப்பசியில ஒரு நா லேசாப் பட்டுச்சு. கேம்பு முடிஞ்சு பத்து நாள் ஆகியிருக்கும். பெறகு விட்டு விட்டு. இப்பக் கொஞ்சம் கூட. நாத்தமா? அது... கொஞ்சம். எழுதாதீக! பேனாவ மூடுங்க. மூடுங்கன்னா மூடுங்க.

மூத்தவன் கோயமுத்தூருல இருக்கான், எளையவன் ஆந்திராவுல முறுக்குக் கடை போட்டிருக்கான். ரெண்டு பேரும் ஆம்பளப் பிள்ளைக. போன் போட்டு என்னன்னு சொல்லுவேன்? அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனா அதே டாக்டரம்மா இருக்குமா? என்னைய ஞாபகம் வெச்சிருக்குமோ? வேற டாக்டர் கெடையாதா?

தனியாப் போகக்கூடாதா? தொணைக்கு ஒரு ஆளு வேணுமா? யாரு இருக்கா எனக்கு?

அவளா? வாரேன்னு சொன்னாளா? எப்பச் சொன்னா? வத்தல எறிஞ்ச பெறகா?

...

கண்ணு எரியுது. இந்த மொளகா ரொம்பக் காரம் இந்த வருசம்.

சனிக்கெழமைன்னா எட்டேகால் வண்டி தான் சரிப்படும். முன்னாடி சீட்டுல அவ ஒக்காரட்டும், நான் பின்னாடி ஒக்காந்துக்கிடுறேன். வழியில ஒருத்தர் கிட்டயும் வாயத் தொறக்கக்கூடாது. டாக்டரம்மா கேக்குறதுக்கு நான் பதில் சொல்லிக்கிடுவேன். அவளுக்கு அடிக்கடி எறங்கணும், அதனால கண்டக்டர் கிட்ட மொதல்லயே சொல்லிரணும், அதையும் நானே சொல்லிக்கிடுவேன்.

வரச் சொல்லுங்க. நான் கூப்புட்டேன்னு மட்டும் சொல்லிறாதீக.